அலுவலகத்தில் புள்ளிப்பலகை வைக்கலாமா? வேலையை விளையாட்டாக்குவது பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கொங்குத்தென்றல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கோவையில் பம்பு, மோட்டார் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் சேவை மையத்தில் தொலைபேசி எடுப்பவர்கள், ஊர் ஊராகப் போய்ப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் என்று அறுபது பேர் வரை இருக்கிறார்கள். இவர்களுக்காக ஒரு புதிய மென்பொருள் வாங்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. அழைப்பு ஒன்றுக்கு இத்தனை புள்ளி, புகார் ஒன்றை முடித்தால் இத்தனை புள்ளி, நூறு அழைப்புக்கு ஒரு பேட்ஜ். வாரம் ஒருமுறை முதல் மூன்று பேருக்குப் பரிசுக் கூப்பன். கூடத்தின் நடுவில் பெரிய டிவி ஒன்று மாட்டி, எல்லாருடைய பெயரையும் முதலிடம் தொடங்கிக் கடைசி இடம் வரை ஓடவிடப் போகிறார்களாம்.

விற்க வந்தவர் ஒரு மணி நேரம் பேசினார். வேலையில் சலிப்பு போய்விடும், ஆட்கள் விட்டுப் போவது குறையும் என்றார். எங்கள் பொது மேலாளருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் "சரிப்பட்டு வராது" என்று வெறுமனே சொன்னால் எடுபடாது. காரணத்தோடு போக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவர்கள், நடத்தியவர்கள் இருந்தால் எழுதுங்கள். நல்ல அனுபவமாக இருந்தாலும் சரி, தயங்காமல் சொல்லுங்கள்.

மின்மினி

அக்கா, நான் சென்னையில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தவள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நீங்கள் சொல்லும் அதே டிவி எங்கள் தளத்திலும் இருந்தது. முதல் பத்துப் பேர் பச்சையில், கடைசிப் பத்துப் பேர் சிவப்பில் வருவார்கள். ஓர் அழைப்பைச் சராசரியாக எத்தனை நிமிடத்தில் முடிக்கிறோம் என்பதுதான் பெரும்பாலான புள்ளிகளைத் தீர்மானித்தது.

முதல் வாரம் உற்சாகமாகத்தான் இருந்தது. அதன் பிறகு எல்லாரும் புள்ளி எடுக்கும் வழியைக் கற்றுக்கொண்டார்கள். சிக்கலான அழைப்பு என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். உடனே "உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம், 24 மணி நேரத்தில் தொடர்புகொள்வார்கள்" என்று சொல்லி வைத்துவிட வேண்டியது. அந்த வாடிக்கையாளர் மறுநாள் மறுபடி கூப்பிடுவார், வேறொருவர் எடுப்பார், அவருக்கும் ஓர் அழைப்புக்கான புள்ளி. ஒரே பிரச்சினைக்கு நான்கு பேர் புள்ளி வாங்குவோம், பிரச்சினை அப்படியே இருக்கும்.

எங்கள் வரிசையில் ஓர் அம்மா இருந்தார். வயதானவர்கள் கூப்பிட்டால் நிதானமாக, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார். அவர் எடுத்த அழைப்பு பெரும்பாலும் திரும்பி வராது. அந்த அம்மாவின் பெயர் மாதக்கணக்கில் சிவப்பிலேயே கிடந்தது. உணவு இடைவேளை முடிந்து வரும்போதெல்லாம் டிவியைப் பார்க்காமல் சுவரோரமாக நடந்து தன் இடத்துக்குப் போவார். கடைசியில் வேலையை விட்டுவிட்டார். எங்கள் தளத்தில் மிக நன்றாக வேலை செய்தவர் அவர்தான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

வைகைக்கரை

மின்மினி சொல்வது வருத்தமான விஷயம்தான். ஆனாலும் விளையாட்டு முறையையே ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடக் கூடாது. நான் மென்பொருள் சோதனைத் துறையில் இருப்பவன். எங்கள் துறையில் எல்லாரும் அறிந்த நல்ல உதாரணம் ஒன்று உண்டு.

விண்டோஸ் 7 தயாரான காலத்தில், அதன் மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்க மைக்ரோசாஃப்ட் ஒரு விளையாட்டை உருவாக்கியது. உலகம் முழுவதும் இருந்த அதன் ஊழியர்கள் தங்கள் தாய்மொழியில் வந்த திரைகளைப் பார்த்து, எங்கே பிழை என்று குறித்தால் புள்ளி. 4,500 பேருக்கு மேல் கலந்துகொண்டு, சுமார் 5 லட்சம் திரைகளைப் பார்த்துக் கொடுத்தார்கள். ஜப்பான் அலுவலகம் இதற்காக ஒரு நாள் தங்கள் வழக்கமான வேலையையே நிறுத்திவைத்து விளையாடிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். அது யாருடைய அன்றாட வேலையும் இல்லை. விருப்பம் இருந்தால் சேரலாம். கலந்துகொள்ளாதவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. தாய்மொழி தெரிந்த யாராலும் செய்ய முடிந்த வேலை. பின்தங்கினால் சம்பளத்துக்கோ பதவி உயர்வுக்கோ ஆபத்து கிடையாது. என் மொழியில் வரும் மென்பொருள் பிழையில்லாமல் வர வேண்டும் என்ற அக்கறை ஏற்கெனவே மனதில் இருந்தது. விளையாட்டு அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. ஒருவருடைய வயிற்றுப்பாட்டுக்கான வேலையில் கொண்டுபோய் இதே பலகையை மாட்டினால் அது வேறு பொருள்.

மணிக்கூண்டு

தொழிற்சங்கத்தில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2011-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டிஸ்னிலேண்டைச் சேர்ந்த ஓட்டல்களின் சலவைக்கூடத்தில் நடந்ததை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. தலையணை உறை, படுக்கை விரிப்பு, துண்டு என்று இயந்திரத்தில் போடும் ஒவ்வொன்றும் கணக்காகி, சுவரில் இருந்த திரையில் அவரவர் பெயருக்கு நேரே வேகம் தெரிந்தது. இலக்கைத் தொட்டவர் பச்சை, தொடாதவர் சிவப்பு. அந்தத் தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் "மின்னணுச் சவுக்கு". கழிப்பறைக்குப் போனால் எண்ணிக்கை இறங்கிவிடும் என்று அடக்கிக்கொண்டு வேலை செய்தவர்கள் இருந்தார்கள். இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்?

இது போன்றதைச் சோஷலிசப் போட்டி என்ற பெயரில் சோவியத் நாட்டிலும் செய்தார்கள். 1935 ஆகஸ்டில் ஸ்தகானவ் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார், நிர்ணயித்த அளவைப் போல 14 மடங்கு என்று நாடு முழுக்கக் கொண்டாடினார்கள். அவருக்குத் துணையாகச் சுரங்கத்தைத் தாங்கும் மரங்களை நட்டுக்கொண்டே வந்தவர்களின் வேலை அந்தக் கணக்கில் மறைந்துபோனது. அடுத்த ஆண்டே மற்றவர்களுக்கான அளவும் பல தொழில்களில் உயர்த்தப்பட்டது. பலகையில் ஒருவர் பெயர் மேலே போனால், எல்லாருக்கும் அதுவே இலக்காக மாறும். முதலாளி தனியாரா அரசா என்பதால் இதில் பெரிய வித்தியாசம் வருவதில்லை.

தஞ்சை முகவர்

ஐயா மணிக்கூண்டு அவர்களுக்கு வணக்கம். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது.

நான் எல்ஐசி முகவர். எங்கள் தொழிலில் இந்தப் படிநிலை மென்பொருள் எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. கிளை மேலாளர் மன்றம், கோட்ட மேலாளர் மன்றம், மண்டல மேலாளர் மன்றம், அதற்கும் மேலே சேர்மன் மன்றம் என்று ஏறிக்கொண்டே போகலாம். உலக அளவில் எம்டிஆர்டி என்ற காப்பீட்டு முகவர்கள் அமைப்பு இருக்கிறது, 1927-இல் தொடங்கியது. மேடையில் பெயரைக் கூப்பிட்டுச் சால்வை போடும்போது, மனைவி மக்கள் கீழே உட்கார்ந்து பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சி பொய் இல்லை. வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகிறவனுக்கு அது பெரிய தெம்பு. வீட்டில் அந்தக் கேடயங்களை ஷோகேஸில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்டவும் செய்கிறேன்.

ஆனால் எங்கள் மன்றங்களில் ஒரு விதி உண்டு. புதிதாகப் பிடித்த பாலிசி மட்டும் போதாது. முன்பு போட்ட பாலிசிகளும் தவணை கட்டப்பட்டு நடப்பில் இருக்க வேண்டும். புதுப்பிப்புக் கமிஷனும் பார்ப்பார்கள். அதனால் யாரோ ஒருவரை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டு மறந்துவிட முடியாது. அவர் அடுத்த ஆண்டும் கட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை படிப்பை விசாரிக்க வேண்டும். மெதுவாக நகரும் கணக்கு அது. மார்ச் மாதக் கடைசியில் நெருக்கடி வரும், சிலர் தவறும் செய்வார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை அழிந்து புதிதாகத் தொடங்கும் பலகையில் இல்லாத பொறுப்பு இதில் இருக்கிறது.

இன்னொன்று, நான் யாரிடமும் சம்பளம் வாங்குபவன் இல்லை. எந்த மன்றத்திலும் சேராமல் தன் அளவில் நிம்மதியாகத் தொழில் செய்யும் முகவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் அவர்கள் பெயரைச் சிவப்பில் எழுதுவதில்லை.

இரவுப்பயணி

நான் உணவு டெலிவரி செய்கிறேன். எங்களுக்கு டிவி எல்லாம் கிடையாது, கைப்பேசியே பலகை.

இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு இன்சென்டிவ், அதற்கு மேல் போனால் அடுத்த ஸ்லாப். மேல்நிலையில் இருப்பவர்களுக்குத்தான் நல்ல நேரங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை. ஞாயிற்றுக்கிழமை வீட்டு விசேஷம் என்று லாகின் செய்யாவிட்டால் நிலை இறங்கிவிடும். மறுபடி ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஓட வேண்டும். இரவு பதினொரு மணிக்கு இன்னும் ஓர் ஆர்டர் வந்தால் ஸ்லாப் நிறைந்துவிடும் என்ற நிலையில் வந்து நிற்கும். பிரியாணிக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, திரையில் நிறையாமல் இருக்கும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். என்னைப் போல நாலைந்து பேர் அங்கே நிற்பார்கள். யாருக்கு அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் வேகமாகப் போகத் தோன்றும். மழையாக இருந்தாலும் போகத் தோன்றும்.

விளையாட்டு என்றால் தோற்றால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். இதில் தோற்றால் பெட்ரோல் காசு கையை விட்டுப் போகிறது. எனவே இதை விளையாட்டு என்று அழைப்பதையே என்னால் ஏற்க முடியவில்லை.

கார்த்திகைப்பூ

இரவுப்பயணி அண்ணா சொல்வது தற்செயலாக நடப்பதில்லை. ஊபர் ஓட்டுநர்களைப் பற்றி 2017 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. ஓட்டுநர் செயலியை அணைக்கப் போகும் நேரத்தில், இன்னும் இத்தனை டாலர் சம்பாதித்தால் இந்தத் தொகையைத் தொட்டுவிடலாம், இப்போது நிறுத்தத்தான் வேண்டுமா என்று ஒரு செய்தி வரும். அந்தத் தொகை ஓட்டுநர் தேர்ந்தெடுத்த இலக்கே இல்லை. வீடியோ விளையாட்டில் இன்னும் ஒரு சுற்று என்று பிடித்து வைக்கும் அதே உத்தி.

அமேசான் கிடங்குகளிலும் விளையாட்டுகள் வந்திருப்பதாக 2019-இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. பொருளை எடுத்து வைக்கும் வேகத்துக்கு ஏற்பத் திரையில் கார் ஓடும், கோட்டை எழும்பும். சேருவதும் சேராததும் ஊழியரின் விருப்பம் என்று நிறுவனம் சொன்னது. வைகைக்கரை சொன்ன விருப்பம் என்ற நிபந்தனை அங்கேயும் இருக்கிறது. ஆனால் விளையாடாவிட்டாலும் ஒவ்வொருவர் வேகமும் அளக்கப்படும் இடம் அது. அப்படிப்பட்ட இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்கு எடை குறைவு என்றே நினைக்கிறேன்.

கொங்குத்தென்றல், உங்கள் மேலாளரிடம் சொல்ல ஓர் ஆய்வு இருக்கிறது. வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியின் ஈதன் மோலிக், நான்சி ராத்பார்ட் இருவரும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில், கூடைப்பந்து பாணியில் ஒரு விளையாட்டை அமைத்துப் பார்த்தார்கள். மனதார ஏற்றுக்கொண்டவர்களுக்கு வேலையில் மகிழ்ச்சி கூடியது. நம்மேல் திணிக்கிறார்கள் என்று நினைத்தவர்களுக்கு முன்பு இருந்ததும் குறைந்தது. விதிகள் புரிகின்றனவா, நியாயமாக இருக்கின்றனவா என்று உங்கள் அறுபது பேரிடமும் முதலில் கேட்டாக வேண்டும். மேலாளர் அறையில் முடிவெடுத்துத் திங்கட்கிழமை காலையில் டிவியை மாட்டினால் அந்தச் சம்மதம் கிடைக்காது.

விற்பனைச்சிங்கம்

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். இருசக்கர வாகன ஷோரூம் ஒன்றில் விற்பனைக் குழுவை நடத்துகிறேன். பெயர்ப்பலகை வைத்த மாதத்திலிருந்து விற்பனை ஏறியது. பையன்கள் காலையில் வந்ததும் பலகையைத்தான் பார்க்கிறார்கள். போட்டி இல்லாமல் விற்பனைப் பிரிவு ஓடாது. தோற்பவர் முயன்று மேலே வர வேண்டும், அவ்வளவுதான். மனம் வருந்துவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் நிறுவனம் நடத்த முடியாது.

மணிக்கூண்டு

ஏறியதை மறுக்கவில்லை, நண்பரே. என்ன விலை கொடுத்து ஏறியது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியிலும் ஏறியது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு கணக்குகள் என்று இலக்கு வைத்தார்கள். நாள்தோறும் எண்ணிக்கை கேட்டார்கள், கிளைக்குக் கிளை ஒப்பிட்டார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் திறக்கத் தொடங்கினார்கள். 2016 செப்டம்பரில் அம்பலமானபோது அப்படிப்பட்ட கணக்குகள் 20 லட்சம் வரை இருக்கலாம் என்று தெரியவந்தது. 18.5 கோடி டாலர் அபராதம். 5,300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். பின்னர் அந்தக் கணக்குகளின் எண்ணிக்கை 35 லட்சம் வரை போனது. இலக்கை வைத்தவர்கள் மேலே இருந்தார்கள். முதலில் தெருவுக்கு வந்தவர்கள் கவுண்ட்டரில் இருந்தவர்கள்.

வைகைக்கரை

விற்பனைச்சிங்கம் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வண்டி விற்றதா இல்லையா என்பது தெளிவான கணக்கு, பொய் செய்வது கடினம். அதனால் அங்கே ஓரளவு நடக்கிறது. பம்பு சேவை மையத்தில் எதை எண்ணுவது? அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். கொங்குத்தென்றல், ஒரு சாதாரண அழைப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா?

கொங்குத்தென்றல்

இத்தனை பேர் அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

நேற்று வந்த ஓர் அழைப்பு. உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர். மோட்டார் ஓடவில்லை, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று பதற்றத்தில் இருக்கிறார். எங்கள் பெண் அவரைப் போனோடு தோட்டத்துப் பெட்டி வரை நடக்கவைத்தாள். மூன்று பேஸ் மின்சாரமும் வருகிறதா, வோல்ட் மீட்டரில் முள் எங்கே நிற்கிறது, ஸ்டார்ட்டரை அழுத்தினால் மோட்டார் உறுமுகிறதா அல்லது சத்தமே இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் ஒரு பேஸ் வரவில்லை என்று தெரிந்தது. மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள், உள்ளே கம்பிச் சுருள் எரிந்துவிடும், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள் என்றாள். இருபது நிமிடம் ஆகியிருக்கும். மெக்கானிக் போக வேண்டிய தேவையே இல்லாமல் போனது. மோட்டாரும் தப்பியது.

வரப்போகும் மென்பொருளில் இந்த அழைப்புக்கு எவ்வளவு புள்ளி என்று பார்த்தேன். நீளமான அழைப்பு என்பதால் கழிவு. மெக்கானிக் வருகை பதிவாகாததால் புகார் முடித்த புள்ளியும் இல்லை. அதே பெண் "ஆள் அனுப்புகிறோம்" என்று இரண்டு நிமிடத்தில் வைத்திருந்தால் முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும். மெக்கானிக் அவ்வளவு தூரம் போய் வந்து, அவருக்கும் ஒரு புள்ளி. இதை அப்படியே எழுதி மேலாளரிடம் கொடுக்கப் போகிறேன்.

மின்மினி

அக்கா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அந்தப் பெண்தான் சிவப்பில் வரப் போகிறவள்.

பாலாற்றங்கரை

சற்று விலகிய விஷயம், ஆனால் பயன்படும் என்று நினைக்கிறேன். வேலையிடத்தில் விளையாட்டு எப்போதும் மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்துவிட வேண்டாம். மைக்கேல் புராவோய் என்ற சமூகவியலாளர் 1970-களில் சிகாகோ பக்கம் ஓர் எஞ்சின் தொழிற்சாலையில் தானே இயந்திரத்தில் நின்று பத்து மாதம் வேலை செய்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் டொனால்ட் ராய் என்பவரும் அதே தொழிற்சாலையில் வேலை செய்து எழுதியிருந்தார். தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு விளையாட்டை நடத்திக்கொண்டிருந்ததை இருவருமே பார்த்தார்கள். நிர்ணயித்த அளவைத் தாண்டிப் போக வேண்டும். ஆனால் நூற்றுக்கு 140-க்கு மேல் கணக்கில் காட்டக் கூடாது. காட்டினால் நிர்வாகம் அளவையே மாற்றிவிடும். மீதியைச் சேர்த்துவைத்துக் கடினமான வேலை வரும் நாளில் எடுத்துக் காட்டுவார்கள். நேரம் போவதே தெரியாது, நன்றாக முடித்த நாளில் ஒரு நிறைவு. அந்த விளையாட்டே முதலாளியின் விதிகளைத் தொழிலாளர் ஏற்றுக்கொள்ளவும் வைத்துவிடுகிறது என்பது புராவோயின் வாதம். அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எண்ணிக்கை அவர்கள் கையில் இருந்தது.

திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைப்பவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டு முடிந்த பிறகுதான் டீ என்று தங்களுக்குள் பந்தயம் வைத்துக்கொண்டு தைப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மேற்பார்வையாளர் அதே பந்தயத்தை அறிவித்தால் மறுநாளே அந்தச் சிரிப்பு போய்விடும்.

எனவே என் யோசனை: அவரவர் கணக்கு அவரவருக்கு மட்டும் தெரியட்டும். போன மாதத்தைவிட இந்த மாதம் என் அழைப்புகளில் எத்தனை திரும்பி வரவில்லை என்று அந்தப் பெண்ணுக்கே தெரிந்தால் அது அவளுக்குப் பயன்படும். ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு சேர்த்து மாட்டாதீர்கள்.

கார்த்திகைப்பூ

பரிசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1973-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லெப்பரும் மற்ற ஆய்வாளர்களும் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்துப் பரிசு எதுவும் இல்லாத நேரத்தில் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த குழந்தைகளுக்கு அந்தக் குறைவு ஏற்படவில்லை. உடுமலை விவசாயிக்காக இருபது நிமிடம் பேசிய பெண் கூப்பனுக்காகப் பேசவில்லையே. அந்த அக்கறைக்கு விலைச்சீட்டு ஒட்டுவது எனக்கு ஆபத்தாகவே படுகிறது.

விற்பனைச்சிங்கம்

உடுமலை அழைப்பைப் படித்தேன். அதற்குப் புள்ளி குறையும் என்றால் அந்தக் கணக்கு தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொங்குத்தென்றல், பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளைப் பயன்படுத்தாதீர்கள் என்றால் எந்த மேலாளரும் கேட்கமாட்டார். எதை எண்ண வேண்டும் என்று மாற்றச் சொல்லுங்கள், அது நடக்கும்.

கொங்குத்தென்றல்

இன்று காலை மேலாளரிடம் பேசிவிட்டேன். விவசாயியின் அழைப்புதான் அவரை யோசிக்க வைத்தது. அவர் குடும்பமும் விவசாயக் குடும்பம். மூன்று மாதம் சோதனையாக நடத்த ஒப்புக்கொண்டார். டிவியில் பெயர்கள் வராது. நிலுவையில் இருக்கும் மொத்தப் புகார்கள் எத்தனை என்பது மட்டும் வரும். அழைப்பின் நீளத்துக்குக் கழிவு கிடையாது. முப்பது நாளுக்குள் அதே பம்புக்கு மறுபடி புகார் வராவிட்டால்தான் முடிந்ததாகக் கணக்கு. அவரவர் எண் அவரவர் திரையில். இந்தப் புள்ளிகளைச் சம்பள உயர்வுக்குப் பார்க்க மாட்டோம் என்று எழுத்தில் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. விடப்போவதில்லை.

ஒன்றில் மட்டும் அவர் அசையவில்லை. பரிசுக்கு ஒதுக்கிய பணத்தைச் செலவு செய்தாக வேண்டும் என்கிறார். என்ன செய்யலாம்?

இரவுப்பயணி

முதல் மூன்று பேருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். வேலையில் எது இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள் என்று மெக்கானிக்குகளைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு யாராவது கூப்பனுக்குப் பதிலாக நல்ல மழைக்கோட்டு கொடுத்திருந்தால் இன்றுவரை அவர்களை நினைத்திருப்பேன்.

மணிக்கூண்டு

இதையே நானும் வழிமொழிகிறேன். அந்த எழுத்துப் பூர்வமான உறுதியை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள், அம்மா. மற்ற எல்லாமே அதன்மேல்தான் நிற்கிறது.

கொங்குத்தென்றல்

மதியம் இரண்டு மெக்கானிக்குகளிடம் கேட்டேன். யோசிக்காமல் "கிளாம்ப் மீட்டர்" என்றார்கள், மின்னோட்டத்தை அளக்கும் கருவி. இருபது பேருக்கு ஆறுதான் இருக்கிறதாம்; ஒருவர் திரும்பி வரும்வரை இன்னொருவர் கிளம்ப முடியாமல் நிற்கிறார். தொலைபேசி எடுப்பவர்கள் காதை அழுத்தாத ஹெட்செட் கேட்கிறார்கள். இரண்டுக்கும் விலை விசாரித்துப் புதன்கிழமைக் கூட்டத்தில் வைக்கிறேன். உறுதிக் கடிதத்தையும் அதே கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.